மலை பார்த்த மேசை

“இப்பவே ரூமைக் காலி பண்ணு. மரியாதையா சொல்றேன்” என்றார் ராஜம்மாள். கையில் இட்லித் தட்டு இருந்தது.

மாடி அறையில் ஜன்னலோர மேசை முன்னால் உட்கார்ந்திருந்த அருணாதேவி தலையைத் திருப்பவில்லை. “பௌர்ணமி வரைக்கும் புக் பண்ணியிருக்கேன். அதுக்கு முன்னாடி நகர மாட்டேன்.”

செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. கீழே குடும்பம், மாடியில் ஒற்றை அறை, ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு இணையம் வழியாக வாடகைக்கு. முன்பதிவுகளைப் போனில் பார்த்துக்கொள்வது ராஜம்மாளின் மகன் முருகவேல். இந்த முறை பணம் வந்ததைப் பார்த்தான், பெயரைப் பார்க்கவில்லை.

விருந்தினர்களுக்குக் காலை உணவை மாடிக்கு எடுத்து வருவது வழக்கமாக அவன் மனைவிதான். இன்று மூட்டு வலியோடு ராஜம்மாளே படியேறி வந்திருந்தார். வெளிநாட்டுக்காரர்களிடம் காட்டும் சிரிப்பில் பாதியைக்கூட இவளிடம் காட்டவில்லை.

“தனியா ஒரு பொம்பள ரூம் எடுத்து உக்காந்தா தெருவுல என்ன பேசுவாங்க?”

“கதை எழுதறான்னு பேசுவாங்க. உண்மையும் அதானே.”

“அதை வீட்ல உக்காந்து எழுதக் கூடாதா?”

“எழுதிப் பாத்துட்டேன். ஒரு வரி முடிக்கறதுக்குள்ள ஒரு ஆள் கூப்பிடறாங்க.” அருணாதேவி காகிதத்தைப் புரட்டினாள். “நாவல்ல கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. போட்டிக்கு அனுப்ப பௌர்ணமி அன்னிக்குக் கடைசி நாள். இந்த வாட்டியும் விட்டுட்டேன்னா, நான் இனிமே எழுதவே மாட்டேன். அது எனக்கு நல்லாத் தெரியும்.”

ராஜம்மாள் மேசையை எட்டிப் பார்த்தார். கோடு போட்ட தாள்கள், சீவிய பென்சில்கள், ஒரு பாதி பிளேடு, பென்சில் சீவல். அவருக்குச் சிரிப்பு வந்தது.

“போன மாசம் கேரளாவுலேர்ந்து ஒருத்தர் இதே ரூமுக்கு வந்தாரு. லேப்டாப்பு என்ன, மைப்பேனா என்ன. பாத்தாலே எழுத்தாளர்னு தெரியும். நீ என்னடான்னா பள்ளிக்கூடத்துப் பசங்க மாதிரி பென்சில வெச்சுக்கினு கீற.”

“ஈரக் கையால பிடிச்சாலும் பென்சில் எழுதும். அவர் பேனா எழுதுமா?”

“அவர் ஒரு வாரம் கதவையே திறக்கல. டீயைக் கூட வாசல்ல வெச்சிட்டுப் போகச் சொல்லிட்டாரு. அவ்ளோ பெரிய ஆளு.”

“எனக்கும் வாசல்லயே வெச்சிடுங்க.”

ராஜம்மாள் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். “பௌர்ணமிக்கு ஆந்திராக்காரங்க டபுள் ரேட் குடுக்க நிக்கிறாங்க. வர்ற லட்சுமியைத் தொரத்தச் சொல்றியா?”

“நீங்க கேட்ட ரேட்டைத்தான் நானும் கட்டியிருக்கேன். என் சொந்தக் காசு, டியூஷன் எடுத்து சேத்தது.” அருணாதேவி போனைத் தொடாமலே அறையின் விளம்பரத்தை ஒப்பித்தாள். “‘எழுதுகிறவர்களுக்கு உகந்த அமைதியான அறை. மலை பார்த்த மேசை. யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.’ இப்படித்தானே போட்டிருக்கு?”

“அதெல்லாம் சும்மா ஆளை இழுக்கப் போட்டது.”

“எனக்கு அது சும்மா இல்ல. நடுவுல எழுப்பி அனுப்பினா ஒரே ஒரு ஸ்டார்தான் போடுவேன். ஏன்னு காரணமும் எழுதுவேன்.”

ராஜம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இணையம் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது; ஒரு ஸ்டார் பற்றித் தெரியும். ஒருமுறை பெங்களூர்க்காரர் ஒருவரின் துண்டைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் போட்ட ஒற்றை ஸ்டாரால் கார்த்திகை தீபம் வரை இந்த அறை பூட்டியே கிடந்தது.

“இவ்ளோ அழுத்தம் ஆகாது பொண்ணுக்கு” என்றார், குரல் இறங்கி.

“இது இல்லாம நாவல் முடியாதுங்க.”

ஜன்னலுக்கு வெளியே மலையின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அருணாதேவி குனிந்து எழுதத் தொடங்கினாள். பென்சில் தாளில் உரசும் ஒலி கேட்டது. ராஜம்மாள் தட்டோடு வாசலிலேயே நின்றார்.

அப்போது கீழே ஒரு குழந்தை அழுதது. “நீ வேணாம், வலிக்குது” என்று அது கத்தியது தெளிவாக மாடிக்கு வந்தது. அதன் பின்னாலேயே முருகவேலின் குரல்: “அம்மா, சீப்பை எங்க வெச்சிருக்கா? ஸ்கூல் வேன் வந்துடும்.”

நன்றாகக் கேட்கட்டும் என்பதுபோல் ராஜம்மாள் நகர்ந்து நின்று வழி விட்டார்.

பென்சில் நின்றது. அருணாதேவி முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள். அழுகை இன்னும் பெரிதானது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். ராஜம்மாளின் முகம் மலர்ந்தது.

அருணாதேவி அவர் கையிலிருந்து இட்லித் தட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையைத் தாழ்ப்பாளில் வைத்தாள்.

“இன்னிக்கு நம்ம பாப்பாவுக்கு அவங்கப்பாவே தலை பின்னட்டும், அத்தை.”