பாலத்தில் நின்ற குட்டி லாரி

விடிந்தால் நாடாளுமன்றத் தேர்தல். சட்டப்படி ராத்திரி எட்டு மணியோடு மைக்கை அணைத்துவிட வேண்டும். பாலத்தைத் தாண்டினால் சவானோ கிராமம். அந்த ஊர் ஓட்டு விழுந்தால்தான் எங்கள் வேட்பாளர் ஹதகேயாமா கரையேறுவார்.

பாலத்தின் நடுவே, வெங்காயத்தாள் கட்டுகளோடு அந்த ஊர்க்காரி ஓரியே அம்மாவின் குட்டி லாரி நின்றுகொண்டிருந்தது.

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது தம்பி" என்றாள், சாவகாசமாக ஆரஞ்சு உரித்தபடி.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பிரசார வண்டி ஓட்டுகிறவன் எந்த வாக்காளரையும் முறைக்கக் கூடாது.

பின்னாலேயே எதிர்க்கட்சி நிஷிவாகியின் வண்டியும் வந்து சேர்ந்தது. எதிராளியை வழியில் கண்டால் மைக்கில் வாழ்த்துவது எங்கள் பக்கத்து மரியாதை. அவர் வெற்றிபெற வேண்டும் என்று நாங்கள் அலற, எங்கள் ஐயா நீடூழி வாழ வேண்டும் என்று அவர்கள் அலற, கேட்பதற்கு வெங்காயத்தாளைத் தவிர யாருமில்லை.

கடைசியில் இரண்டு வேட்பாளர்களும் பிரசாரத்துக்கென்று மாட்டிய வெள்ளைக் கையுறையோடு லாரியைத் தள்ள இறங்கினார்கள். நடுவில் நின்று தள்ளும் கௌரவத்தை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, குனிந்து கும்பிட்டே கால்மணி நேரம் போனது. அப்புறம் தள்ளினார்கள். லாரி அசையவில்லை. நிஷிவாகியின் கோட்டு அக்குளில் கிழிந்தது. அதற்கு எங்கள் ஐயா மன்னிப்புக் கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இந்த ஓட்டை வண்டியை ரோட்டுக்குக் கொண்டு வரலாமாம்மா? நாட்டோட எதிர்காலமே இங்க நிக்குது."

அவள் எனக்கும் ஓர் ஆரஞ்சை நீட்டினாள்.

மணி எட்டானது. இரண்டு மைக்கும் அடங்கின. வேட்பாளர்கள் வேர்த்து விறுவிறுத்துத் தங்கள் வண்டிகளுக்குத் திரும்பினார்கள்.

ஓரியே அம்மா சாவியைத் திருகினாள். முதல் திருகிலேயே லாரி உறுமியது. பிறகு நிதானமாகக் கைபிரேக்கை இறக்கினாள்.

ஜன்னலருகே ஓடினேன். "பிரேக்கைப் போட்டு வச்சுக்கிட்டா எங்களைத் தள்ள விட்டீங்க?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு புள்ள பெத்து நாலு நாளாச்சு தம்பி. உங்க சத்தத்துல ரெண்டு பேரும் தூங்கல. அவளுக்குக் காய்ச்சலே வந்துடுச்சு."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"நேத்து நடுரோட்டுல நின்னு ரெண்டு வண்டியையும் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னேன். 'கையசைத்து ஆதரவு தரும் அம்மாவுக்கு நன்றி'ன்னு மைக்ல கத்திட்டுப் போயிட்டீங்க."