மாதிரிக்கு நாலு வரி

“இன்னும் நாலே நாலு வாரம் நடத்துங்களேன். அப்புறம் மூடிக்கலாம்” என்றாள் மனைவி, தையல் இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

பேனாக்காரருக்குச் சுருக்கென்றது. பதினான்கு ஆண்டுகளாக நடத்திவந்த வலைத்தளத்தை மூடிவிட்டு, நாவல் எழுதப் போவதாக ஒரு மனிதர் அறிவிக்கிறார். வீட்டிலிருந்து வரும் முதல் வாழ்த்து இதுதானா?

“நாலு வாரத்துல என்ன ஆகிடும்?”

“நாலு பேனா ஆகும்.”

“கலைன்னா என்னன்னு உனக்குத் தெரியாது. துணியில அளவுக்கோடு போடுறவளுக்கு அது தெரியணும்னு நானும் எதிர்பார்க்கல.”

அவள் குண்டூசி ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். பேச்சு முடிந்தது என்று பொருள்.

வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவருக்குப் பேனாக்காரர் என்ற பெயரே அந்த வலைத்தளத்தால் வந்ததுதான். ஞாயிறுதோறும் ஒரு மைப்பேனா. மூடி எத்தனை சுற்றில் கழல்கிறது, மை கசிகிறதா, நிப்பு தாளைக் கீறுகிறதா என்று நீதிபதி தீர்ப்பு எழுதுவதுபோல் எழுதுவார். முடிவில் அந்தப் பேனாவாலேயே மாதிரிக்கு நாலு வரி எழுதி, அதைப் படம் பிடித்துப் போடுவார்.

அந்த நாலு வரிதான் அவருக்குப் பெரும்பாடு. பேனா கையில் இருக்கும். எழுத ஒன்றும் தோன்றாது.

“ஏதாவது சொல்லேன், எழுதிப் பார்க்கணும்” என்பார்.

அவள் தைத்துக்கொண்டே எதையோ சொல்வாள். அவர் எழுதுவார். என்ன எழுதினோம் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மை எப்படி இறங்குகிறது என்று மட்டுமே பார்ப்பார்.

மறுநாள் அலுவலக நண்பர் கேட்டார்: “வீட்டுல என்ன சொன்னாங்க சார்?”

“நாலு வாரம் தள்ளிப்போடச் சொல்றா.”

நண்பர் உச்சுக்கொட்டினார். “இன்னைக்கு நாலு வாரம்பாங்க, நாளைக்கு நாலு வருஷம்பாங்க. எழுதுறவனுக்கு முதல் முட்டுக்கட்டையே வீடுதான். அசைஞ்சு கொடுக்காதீங்க.”

அவர் அசைந்து கொடுக்கவில்லை. அன்று மாலையே வலைத்தளத்தில் விடைபெறும் உரையை வெளியிட்டார். ‘எழுநூறு பேனாக்களைப் பற்றி எழுதிய இந்தக் கை, இனிப் பேனாவால் எழுதப் போகிறது’ என்று அதை முடித்திருந்தார். அந்த வரியை அவரே மூன்று முறை படித்து மகிழ்ந்தார்.

நாவலுக்காக முன்னறை ஒதுக்கப்பட்டது. இயந்திரத்தின் சத்தம் கற்பனையைக் கலைக்கிறது என்பதால், அது சமையலறை மூலைக்குப் போயிற்று. ‘எழுத்துப்பணி நடைபெறுகிறது, அழைக்க வேண்டாம்’ என்று பச்சை மையில் எழுதிக் கதவில் ஒட்டினார்.

“டீ ஆறுதுங்க.”

“கதவுல என்ன எழுதியிருக்கு?”

“அழைக்க வேண்டாம்னு.”

“அப்புறம்?”

“நான் எங்கே அழைச்சேன்? டீ ஆறுதுன்னுதான் சொன்னேன்.”

முதல் ஞாயிற்றுக்கிழமை ‘அன்று நல்ல மழை’ என்று தொடங்கினார். இரண்டாம் ஞாயிறு மழையை அடித்தார். மூன்றாம் ஞாயிறு அந்த இடத்தில் வெயிலைப் போட்டார். பேனாவையும் மூன்று தடவை மாற்றிப் பார்த்துவிட்டார்.

நாவல் முடியும்வரை வலைத்தளத்துக்கு வரும் கடிதங்களைத் திறப்பதில்லை என்று ஒரு சபதம் செய்திருந்தார். வாசகர்கள் எவ்வளவு வருந்துகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும், நாலாம் ஞாயிறு காலையில் அதைச் சற்றே தளர்த்தினார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். இத்தனை ஆண்டுகளில் அவருக்குச் சேர்ந்தாற்போல் பத்துக் கடிதம் வந்ததில்லை.

“இங்கே வா” என்று அவரே அழைத்தார். “தள்ளிப்போடச் சொன்னியே, உலகம் என்ன சொல்லுதுன்னு கேளு.”

கழுத்தில் அளவு நாடா தொங்க, அவள் வந்து கதவருகே நின்றாள்.

“‘ஐயா, எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்.’ பார்த்தியா? அடுத்தது. ‘ஞாயிறு விடிந்தால் உங்கள் வரிகளுக்காகக் காத்திருப்போம்.’ உங்கள் வரிகள்னு போட்டிருக்கான், கவனி.”

“கவனிச்சேன்.”

மூன்றாவதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

“‘ஐயா, எனக்குப் பேனாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் எழுதுவதே பென்சிலால்தான். அளவு கொடுத்துவிட்டுப் போனவன் வாங்க வராத அந்தக் கோட்டுச் சட்டையை, இந்த வருடம் பருத்திருப்பான், இந்த வருடம் இளைத்திருப்பான் என்று அந்தத் தையல்காரி பிரித்துப் பிரித்துத் தைக்கிறாளே…’”

அவர் குரல் இறங்கியது. ஆனாலும் கண் நிற்கவில்லை.

“‘நீங்கள் மாதிரிக்கு எழுதிக் காட்டும் நாலு வரியில்தான் வாராவாரம் அவளைப் படித்துவருகிறோம். நாவலை இனிமேல்தான் தொடங்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அப்படியானால் இத்தனை வருடம் நாங்கள் படித்தது என்ன? அவன் வந்தானா, இல்லையா? அதை மட்டும் சொல்லிவிட்டு மூடுங்கள்.’”

நாலாவது கடிதத்திலும் கோட்டு. ஐந்தாவதிலும் கோட்டு. பத்தாவது கடிதம்வரை போய்விட்டார். பேனாவைப் பற்றி ஒருவர்கூட விசாரிக்கவில்லை.

மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தார். அதில் வெயில் மட்டும் ஒற்றை வரியில் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“வந்தானா?”

அவள் கழுத்திலிருந்த நாடாவை எடுத்து நிதானமாகச் சுருட்டினாள்.

“நாலே நாலு வாரம்தானே கேட்டேன்” என்றாள். “இன்னைக்குத்தாங்க அவன் வர்ற நாள்.”