சோதனைக் கிணற்றுக் காப்பி

அம்மாவுடன் பெண் பார்க்க வந்த சேந்தன் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் கண்டுபிடித்த பூச்சிமருந்தைப் பதிவு செய்ய வேண்டுமானால், அதைத் தெளித்த வயலின் கிணற்றுத் தண்ணீரை மட்டுமே அவனும் குடும்பத்தாரும் ஐந்து வருடம் குடிக்க வேண்டும். சட்டம் அப்படி.

"காப்பியும் இதுலதான் போடணும், மாமா."

பெண்ணின் அப்பா கேனையே பார்த்தார். "கல்யாணம் ஆனா எங்க பொண்ணும் இதைத்தான் குடிக்கணுமா?"

"மருந்து மண்ணுக்குக் கீழ இறங்கவே இறங்காது, மாமா."

மணப்பெண் தாமரைச்செல்வி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். சேந்தன் மட்டும் குடித்தான்.

"அத்தை, நீங்க எடுத்துக்கலயா?" என்று சேந்தனின் அம்மாவிடம் கேட்டாள்.

"எனக்கென்ன பயம்? அஞ்சு வருஷம்தானேம்மா, ஓடிப்போயிடும்," என்ற அவர், கைப்பையிலிருந்து கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தொண்டையை நனைத்துக்கொண்டார்.