இடப்பக்கம் வந்த குதிரை

இருந்தவர்கள்: குதிரைப் பந்தயக் கழகத் தலைவர் தனேஸ்வரன், ஓய்வுபெற்ற அரசாங்கக் கச்சேரி அதிகாரி. செயலாளர் கஜேந்திரன், பதுளையில் இரும்புக்கடை வைத்திருப்பவர். டொக்டர் மயூரி, மிருக வைத்தியர். ஜொக்கி ரஜீவ், மடுல்சீமைத் தோட்டத்துக்காரன்.

நாற்காலிகள் மூன்று.

வராதவன் ஜொக்கி ரமேஸ். காறை எலும்பு முறிந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

ஹாலிஎலைக்கு மேலே, தோட்டத்து மைதானத்தில் அன்று காலை பந்தயம். கடைசி வளைவில் ரஜீவ் தன் குதிரையை இடப்பக்கம் வெட்டினான். அங்கே ரமேஸின் குதிரை வந்துகொண்டிருந்தது. குதிரை எப்படியோ தப்பித்துக்கொண்டது. ரமேஸ் தப்பவில்லை.

ஜாதிக் குதிரை. குளம்பில்கூடக் கீறல் இல்லை என்று தெரிந்த பிறகுதான், விழுந்தவன் ஒரு மனிதன் என்பது தலைவருக்கு ஞாபகம் வந்தது. உடனே விசாரணை வைத்தார்.

மூவரில் குதிரையில் ஏறிய அனுபவம் அவருக்கு மட்டுமே உண்டு. நுவரெலியாவில், வாடகை மட்டக்குதிரையில், படம் எடுப்பதற்காக. குதிரை அசையாமல்தான் நின்றது. ஆனாலும் அவரை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"நீர் இடப்பக்கம் பாத்தனீரோ, இல்லையோ?"

"இல்லீங்க ஐயா. பாக்கல."

செயலாளர் கைபேசியில் காட்சியைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டினார்.

"பாருங்க சேர், தலயக்கூடத் திருப்பல. மாப்புள ஊர்வலம் மாதிரி நேரா போறான்."

"ரோட்டில போற மாட்டுக்கே ரெண்டு பக்கமும் தெரியும், ஐசே. கண்ணை எங்க வச்சுக்கொண்டு ஓடினனீர்?"

"தப்புத்தானுங்க ஐயா. நான்தான் கவனமில்லாம ஓட்டிட்டேன்."

இவ்வளவு ஆசையாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒருவனைத் தலைவர் தன் கச்சேரி வாழ்க்கையில் கண்டதில்லை. அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. நிறையக் கேள்விகள் ஆயத்தம் செய்து வந்திருந்தார்.

சட்டத்தை விளக்கினார். வேண்டுமென்றே வெட்டியிருந்தால் ஆயுளுக்கும் குதிரையில் ஏற முடியாது. கவனயீனம் என்றால் மூன்று மாதத் தடை. இரண்டில் ஒன்று.

மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றிவிடக் கூடாதே என்று ரஜீவ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்று மாதம் என்றால் மடுல்சீமைக்குப் போய்ப் புல்லுக்கு மருந்தடித்துவிட்டுத் திரும்பலாம். ஆயுள் என்றால் முதுகில் மருந்து டாங்கிதான், சாகும்வரை. தோட்டத்து லய வீடுகளில் அவனை ஜொக்கி என்று கூப்பிடுகிறவர்கள் அதையே பட்டப்பெயராக்கிச் சிரிப்பார்கள்.

ரமேஸை நினைக்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எலும்பு கூடிவிடும்.

தலைவர் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். கவனயீனம். மூன்று மாதம். பக்கத்தில் வருகிறவனைப் பார்க்காத சமுதாயம் உருப்படாது என்று சமுதாயத்துக்கும் இரண்டு வார்த்தை சொன்னார். செயலாளர் தலையாட்டினார்.

விசாரணை முடிந்தால் தேநீர் என்பது கழகத்தின் வழக்கம். தண்டனை பெற்றவனுக்கும் ஒரு கோப்பை உண்டு. நின்றபடி குடிக்க வேண்டும்.

டொக்டர் மயூரி அவனுக்கான கோப்பையைத் தானே எடுத்து வந்தார். அவனுடைய இடப்பக்கத்தில் அதை எவ்வளவு நேரமாக நீட்டிக்கொண்டு நின்றாரோ, ரஜீவுக்குத் தெரியாது. தலைவரைக் கும்பிட அவன் கையைத் தூக்கினான். முழங்கை கோப்பையில் இடித்தது. தேநீர் செயலாளரின் வெள்ளைக் காற்சட்டையில் போய் விழுந்தது.

"அட நாசமாப் போனவனே! புதுக் காச்சட்டடா!"

தலைவர் பூரித்துப்போனார்.

"பாத்தீங்களே! இதைத்தானே நான் அப்ப இருந்தே சொல்லுறன். கவனயீனம்!"

இருவரும் காற்சட்டையைத் துடைக்கத் துணி தேடினார்கள்.

மயூரி நகரவில்லை. அவருடைய விரல் ஒன்று காற்றில் மெதுவாக நகர்ந்து வந்தது. மூக்கை நெருங்கிய பிறகுதான் ரஜீவ் அதைக் கண்டான். எங்கிருந்து புறப்பட்டதோ.

கண்டதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

போன மழைக்குத் தோட்டத்தில் மரம் தறித்தபோது கிளை அடித்துப் பார்வை போன இடது கண் அது. வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கும். கழுத்தை முழுதாகத் திருப்பிச் சமாளித்துப் பழகியிருந்தான். அந்த வளைவில் திருப்ப நேரம் இருக்கவில்லை. தெரிந்துவிட்டால், ஒற்றைக்கண்ணனை ஆயுளுக்கும் குதிரையில் ஏற்ற மாட்டார்கள்.

மயூரியின் முகம் வெளிறியது. பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சோதிப்பவர் அவர்தான். செலவு மிச்சம் என்று ஜொக்கிகளையும் கழகம் அவர் தலையிலேயே கட்டியிருந்தது. குதிரைகளுக்கு இரண்டு கண்ணிலும் டோர்ச் அடித்துப் பார்த்தார். ஜொக்கிகளைத் தராசில் ஏற்றி இறக்கிவிட்டு, உடல் தகுதி உண்டென்று ஒப்பமிட்டார்.

தலைவர் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவர் துணி தேடிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

மயூரி சுற்றிக்கொண்டு ரஜீவின் வலப்பக்கம் வந்தார். முழங்கையைப் பிடித்து வாசல்வரை அவனை நடத்திக்கொண்டு போனார்.

"மூண்டு மாதம் கழிச்சு என்னட்டையே வாரும்," என்றார், குரலைத் தாழ்த்தி. "வேற டொக்டர்மாரிட்டப் போகவேண்டாம். விளங்குதோ?"

"சரிங்க டொக்டரம்மா."

அவனை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே பூட்டில் சாவி திரும்பியது.