சுவரில் எழுதியவர்

சுவரில் வாசகம் எழுதிய கூலி அறுநூற்று நாற்பது ரூபாயை முப்பது வருடமாகப் பெயிண்டருக்குப் பாக்கி வைத்திருந்தது சுகாதார அலுவலகம். இப்போது அதே சுவரில் 'நிறையப் பிள்ளைகள் பெறுங்கள்' என்று எழுதக் கூப்பிட்டிருந்தது.

"பழைய பாக்கி, சார்?"

அதிகாரி கோப்பைப் புரட்டிச் சிரித்தார். "'படிக்காத கூலிகளே, ஒன்றோடு நிறுத்துங்கள்'னு வருஷக்கணக்கா எழுதிக்கிட்டே நீங்க அஞ்சு பெத்திருக்கீங்களே, பெரியவரே! அதான் கூலியைப் பிடிச்சுட்டாங்க. கண்ணு தெரியலையா?"

"கண்ணு நல்லாத் தெரிஞ்சுது சார், எழுத்துதான் தெரியல. தாளைப் பார்த்துப் படமா வரைஞ்சேன். என்னையே திட்டி எவ்வளவு அழகா எழுதியிருக்கேன், பாருங்க! கடைக்குட்டிப் பொண்ணுதான் பின்னாடி படிக்கக் கத்துக்குடுத்தா."

அதிகாரி பேனாவை நீட்டினார். "அந்த உத்தரவே இப்ப இல்ல. மனு எழுதுங்க, வாங்கித் தர்றேன்."

பெயிண்டர் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"பாக்கியைத் தள்ளுபடி பண்ணிடுங்க சார். லாபம் எனக்குத்தான். அன்னைக்கே படிக்கத் தெரிஞ்சிருந்தா அவ பொறந்திருக்கவே மாட்டா."