ஆமாவா, இல்லையா?

“திமிங்கிலம் மீனா? ஆமா, இல்லை, ஒரே வார்த்தை போதும்” என்றார் வாமன். பெண் பார்க்க வந்த வீட்டில் கேசரியைக்கூடத் தொடவில்லை. மருமகளாக வருகிறவளுக்குப் பொது அறிவு இருக்கிறதா என்று அவரே சோதித்தாக வேண்டும்.

“ஆமா” என்றாள் தன்மயி.

“சூரியன் நட்சத்திரமா?”

“இல்லை.”

“கபடியில ஒரு அணிக்கு ஏழு பேரா?”

“இல்லை.”

“திப்பு செத்தது ஸ்ரீரங்கப்பட்டணத்திலயா? மைசூர்லயே பிறந்து வளர்ந்தவதானே, இதையாவது சொல்லு!”

“இல்லை.”

இப்படிப் பத்துக் கேள்விகள். பத்தும் தப்பு.

“பொண்ணோட டிகிரியை எந்தக் கடையில வாங்கினேள்?” என்று அவள் அப்பாவிடம் சீறிவிட்டு, மகன் ஹ்ருஷிகேஷை இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

காரில் ஏறியும் கோபம் அடங்கவில்லை. “கண்ணை மூடிண்டு சொன்னாக்கூடப் பாதி சரியா வருமேடா! ஒண்ணுகூட...”

“ஒண்ணுகூடச் சரியா வந்துடாம பாத்துண்டிருக்கா” என்றான் ஹ்ருஷிகேஷ். “அவளுக்குப் பத்தும் தெரியும்ப்பா. நீங்க கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், உங்க பிள்ளை வேண்டாம்னுதான் பதில் சொல்லியிருக்கா.”