மிளகாய் காய்க்கும் வரை

"இந்தக் குடைமிளகாய் காய்க்கட்டும். மறுநாளே பெரியவன் வீட்டுக்குப் போயிடறேன்" என்று சண்டையில் சொன்னார் மாமியார். சொன்ன சொல்லை மீறுகிற ஆளில்லை. மாதங்கள் போயும் தொட்டியிலிருந்த நாற்று ஒரு சாணைத் தாண்டவில்லை.

"அம்மாவை அனுப்ப அவ்வளவு அவசரமா? விடிஞ்சாப் போதும், தொட்டி முன்னாடியே நிக்கிற" என்றான் கணவன்.

மருமகள் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடியலில் அவள் தோட்டத்துக்குப் போனபோது, மாமியார் குனிந்து செடியின் மொட்டுகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை இது?"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் தலையை நிமிர்த்தவில்லை. "கோவத்துல சொல்லிட்டேன். காய்ச்சா போய்த்தானே ஆகணும்? அதான் மொட்டைக் கிள்ளினேன். ஆனா கொழுந்தை நான் தொடவே இல்லம்மா. அதை யார் கிள்ளுறாங்கன்னுதான் தெரியலை."

மருமகள் பச்சைக் கறை படிந்த விரல்களை நீட்டினாள்.

"நான்தான் அத்தை."